தம்பி தொலைக்கப்போறது

அன்று காலையில் தம்பிக்காரன் தன் மனைவிக்கு ஒரு நல்ல காரியம் செய்யக் கிளம்பினான். அவன் செய்யும் நல்ல காரியங்களைப் பற்றிக் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும், முதலில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். மற்றபடி ஆள் கெட்டிக்காரன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்தும் வேலை. அங்கே அவன் கை நடுங்கி ஒருவரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால்தான் அந்தக் கைக்கு ஏதோ ஆகிவிடும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற எதையாவது நோண்டிப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

மனைவிக்கு அன்று மாலை நாலு மணிக்கு ஒரு குரல் தேர்வு. பார்வை இல்லாதவர்களுக்காகப் பல வருடங்களாகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தவள் அவள். படுக்கையறைத் துணி அலமாரியைக் காலி செய்து, சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு முக்காலி போட்டு, அதற்குள் உட்கார்ந்துதான் வாசிப்பாள். அந்தப் பதிவுகளை எங்கேயோ கேட்ட ஒலிப்புத்தக நிறுவனம் ஒன்று, பெரிய கடற்பயண நாவல் ஒன்றை முழுவதும் வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. இணையம் வழியாக நேரடியாக வாசித்துக் காட்ட வேண்டும். அவள் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே மைக்கில்தான் வாசிக்க வேண்டும். நாலு மணி தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அவள் இதற்கு எவ்வளவு ஆசைப்பட்டாள் என்றால், தொண்டையைப் பாதுகாக்க முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டியதை எல்லாம் டம்ளரில் கரண்டியால் தட்டிச் சொன்னாள். ஒரு தட்டு தட்டினால் வா. படபடவென்று தட்டினால், செய்வதை உடனே நிறுத்து.

முந்தைய நாள் ஒத்திகையில் கம்ப்யூட்டர் இரண்டு தரம் நின்று நின்று ஓடியது. பதிவில் டிக் டிக்கென்று ஒரு சத்தமும் விழுந்தது. தம்பிக்காரன் ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு சிஸ்டத்தைப் புதுசாக ஏற்றிவிடுவது. காலையில் அவள் காலாற நடந்துவிட்டு வரக் கிளம்பினாள். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் இவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

தேர்வு நாளன்று போய் யாராவது இதைச் செய்வார்களா என்று கேட்கக் கூடாது. அவனுக்கு அதற்கான தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், டிரைவர்களை அவன் பத்திரமாக எடுத்து வைத்திருந்தான். டிரைவர் என்பது கம்ப்யூட்டருக்கும் அதில் மாட்டியிருக்கும் கருவிக்கும் நடுவே நின்று பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சின்ன மென்பொருள். அது இல்லையென்றால் இரண்டும் ஒரே ஒயரில் கட்டுண்டு கிடந்தாலும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கும். சிஸ்டத்தைத் துடைக்கும்போது அவையும் அழிந்து போகும். அதனால் முன்கூட்டியே தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும். தம்பிக்காரன் ஒரு தனி டிஸ்கில் சேர்த்து வைத்திருந்தான். அதுவும் சும்மா இல்லை, தன் சொந்த முறைப்படி.

அவன் வீட்டில் கடையில் வாங்கிய கருவி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் உறவுக்காரர்கள் கொடுத்தது. புதுசு வாங்கியவர்கள் பழையதை இவன் தலையில் கட்டுவார்கள், இவனும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு வருவான். கம்பெனி பெயரோ மாடல் நம்பரோ அவன் மண்டையில் நிற்காது. ஆனால் எதை யார் கொடுத்தார்கள் என்பது மறக்குமா? கொடுத்தவர்கள்தான் மறக்க விடுவார்களா? ஆகவே ஃபோல்டர்களுக்குக் கொடுத்தவர்களின் பெயரையே வைத்துவிட்டான். திரைக்கான டிரைவர் "மாமனார்". பிரிண்டருக்கு "சித்தி". வைஃபை குச்சிக்கு "மச்சினன்". உலகத்தில் வேறு எவனுக்கும் தோன்றாத யோசனை என்று அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை.

வேலை ஜோராக ஆரம்பித்தது. துடைத்தான், ஏற்றினான், திரையில் எழுத்துகள் பூசணிக்காய் பருமனில் வந்தன. மாமனாரைத் திறந்து ஓட்டினான், எழுத்துகள் ஒழுங்காகச் சுருங்கின. மச்சினனை ஓட்டினான், இணையம் வந்தது. சித்தியை ஓட்டினான், பிரிண்டர் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றது. தம்பிக்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியிலேயே ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, விசில்கூட அடித்தான். மிச்சம் ஒன்றே ஒன்று, மைக் மாட்டுகிற சவுண்ட் பாக்ஸ். நீல நிறப் பெட்டி, முன்னால் இரண்டு குமிழ். அதன் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது, பச்சையாக மாற வேண்டும். எந்த ஃபோல்டர்? கொடுத்தது யார்?

கொடுத்தது அண்ணன்.

தம்பிக்காரனின் விசில் நின்றது. "அண்ணன்" என்று ஒரு ஃபோல்டர் இருந்தது, ஆனால் இப்போது இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் அதை அவனே அழித்தான்.

அண்ணன்காரர் மைக், ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். அவர் கடைக் கம்ப்யூட்டருக்கும் இவன் ஒரு தரம் இதே மாதிரி நல்ல காரியம் செய்தான். பில் அடிக்கும் பிரிண்டரின் டிரைவர் போன இடம் தெரியவில்லை, கடையில் பல நாள் கையால் பில் எழுதினார்கள். அதற்கு அடுத்த வாரம் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன்காரர், "இவன்கிட்ட எதைக் குடுத்தாலும், திருப்பி வாங்கறப்ப வெறும் டப்பாதான் வரும்" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. தம்பிக்காரனின் சொந்த மனைவியும் சிரித்தாள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வீட்டுக்கு வந்து, அண்ணன் ஃபோல்டரை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினான். பெட்டியையும் திருப்பி அனுப்பியிருப்பான், மனைவி அதை மார்போடு அணைத்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றுவிட்டாள். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. கம்ப்யூட்டரில் டிரைவர் ஏற்கெனவே ஏறியிருந்ததால் அதுவும் பெட்டியும் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. அதையும் இன்று காலையில் அவனே கெடுத்துவிட்டான்.

இணையத்தில் தேடினான். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்களாம், அவர்களுடைய தளமும் இல்லை. வேறொரு தளத்தில் டிரைவர் இங்கே என்று பச்சைப் பசேலென்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினான். டிரைவர் வரவில்லை. துடைப்பம் பிடித்த ஒரு கரடி வந்து திரையின் குறுக்கே ஆடிக்கொண்டு, உங்கள் கம்ப்யூட்டரில் ஏகப்பட்ட அழுக்கு என்று சொன்னது. மூடினால் இரண்டு கரடி வந்தது. அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது.

மனைவி உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். கரடிகளைப் பார்த்தாள். பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். கடைசியாக அவனைப் பார்த்தாள்.

"இல்லம்மா, ஒரு சின்ன வேலை. முடிஞ்சிடுச்சு. முடிஞ்ச மாதிரிதான்" என்றான் அவன்.

அவள் வாயைத் திறந்தாள். கையால் உடனே பொத்திக்கொண்டாள். இப்போது கத்தினால் தொண்டை போய்விடும், தொண்டை போனால் எல்லாம் போய்விடும். பாவம், கோபம் முழுக்க மூஞ்சியிலும் கையிலுமாகப் பொங்கியது. பெட்டியைக் காட்டினாள், கடிகாரத்தைக் காட்டினாள், தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள், அவன் நெற்றியில் அடிக்க இரண்டு அடி முன்னால் வந்து மனதை அடக்கிக்கொண்டு, சமையலறைக்குப் போய் டம்ளரையும் கரண்டியையும் எடுத்து வந்து படபடவென்று தட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.  அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"அழாத. நான் ஏற்பாடு பண்றேன்" என்றான்.

அவள் கையை உயர்த்தி, வாய்க்குக் கீழே தாடியை வரைந்து காட்டினாள். அந்தக் குடும்பத்தில் தாடி வைத்தவர் ஒருவர்தான், அண்ணன்காரர்.

"அவர்கிட்டயா? நான் கேக்க மாட்டேன். செத்தாலும் கேக்க மாட்டேன்."

அவள் மறுபடியும் படபடவென்று தட்டினாள். பிறகு கரண்டியால் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டினாள். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

அவன் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். அவனுக்குத் தோன்றியது ஒரு யோசனை, அவனைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. அண்ணனிடம் தம்பியாகக் கேட்டால்தானே கௌரவக் குறைச்சல்? வாடிக்கையாளராகக் கேட்டால் என்ன? கைக்குட்டையை நாலாக மடித்து வாயில் வைத்துக்கொண்டான். தொண்டையைக் கட்டையாக்கி இரண்டு தரம் பேசிப் பார்த்தான். திருப்தியாக இருந்தது. நம்பரை அழுத்தினான். ஒன்றை மட்டும் மறந்துவிட்டான், பேசுவது தன்னுடைய போனிலிருந்து என்பதை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் எடுத்தார்கள். எடுத்த பிறகும் சற்று நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சவுண்ட் சர்வீஸ்" என்றது அண்ணன்காரரின் குரல். "சொல்லுங்க சார்."

"வணக்கம் சார். என்கிட்ட ஒரு சவுண்ட் பாக்ஸ் இருக்கு. நீலக் கலரு, முன்னால ரெண்டு குமிழ். அதுக்கு டிரைவர் வேணும்."

"மாடல் நம்பர்?"

"அழிஞ்சுபோச்சு சார்."

"எங்க வாங்கினீங்க?"

"வாங்கலை. குடுத்தாங்க."

"யாரு குடுத்தா?"

தம்பிக்காரன் கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடித்தான். "ஒரு தெரிஞ்சவர்."

"தெரிஞ்சவரா? தெரிஞ்சவங்க இவ்வளவு நல்ல பாக்ஸைத் தூக்கிக் குடுப்பாங்களா சார்?"

"கொஞ்சம் நெருங்கின தெரிஞ்சவர்."

"உறவா?"

"உறவுன்னும் வெச்சுக்கலாம்."

"எந்தப் பக்கத்து உறவு?"

"டிரைவருக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"இருக்கு சார். எங்க கடையில இதெல்லாம் கேப்போம். அப்பா பக்கமா, அம்மா பக்கமா?"

"ரெண்டு பக்கமும்."

"ரெண்டு பக்கமும்னா, கூடப் பொறந்தவரா?"

கைக்குட்டைக்குள் வேர்த்தது. "ஆமா சார்."

"அப்ப அவர்கிட்டயே கேக்கலாமே?"

"அவர் பேச மாட்டார்."

"அவர் பேச மாட்டாரா, நீங்க பேச மாட்டீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்."

"ஒண்ணு இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அண்ணன்காரர் நிறுத்தினார். இருமினார். "சரி, எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"காலையிலதான் எல்லாத்தையும் துடைச்சு ஃபார்மட் பண்ணேன். எங்க வீட்டுல அவளுக்கு நாலு மணிக்கு ஒரு குரல் தேர்வு."

"இன்னிக்கா?" குரலில் இருந்த கடைக்காரர் சட்டென்று காணாமல் போனார். "இன்னிக்கு நாலு மணிக்குத் தேர்வை வெச்சுக்கிட்டு இன்னிக்குக் காலையிலயா ஃபார்மட் பண்ணி..." பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. "பண்ணீங்க, சார்?"

"ஆமா சார்."

"நேர்ல வரேன். அட்ரஸ் சொல்லுங்க."

தம்பிக்காரன் முகவரியைச் சொன்னான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு உருண்டு படுத்துத் தூங்கிய வீட்டின் முகவரியை அண்ணன்காரர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார்.

"அடையாளம் ஏதாவது?"

"பச்சை கேட் சார்."

"நீலம்தானே அது?"

"போன வருஷம் மாத்திட்டோம் சார்."

"சரி சார்" என்று போனை வைத்தார்.

தம்பிக்காரன் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான். "கண்டே பிடிக்கலை! யாரோ கஸ்டமர்னு நெனச்சுக்கிட்டு நேர்லயே வரேன்னுட்டார். நம்ம குரல் அப்படி!"

மனைவி அவன் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தாள். யாருடைய போன் இது என்பது போல் அதை அவன் மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள். தம்பிக்காரன் பார்த்தான். முகத்தில் வழிந்த அசட்டை இரண்டு கையாலும் துடைத்தாலும் போகாது போலிருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் நின்ற தண்ணீர் இப்போதுதான் வழிந்தது.

மூன்று மணிக்கு மேல் பச்சை கேட் திறந்தது. அண்ணன்காரர் கடை அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கருவிப் பையோடு வந்து நின்றார். தாடி நரைத்திருந்தது. தம்பிக்காரன் வாசலில் நெளிந்தான். எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் யார் முதலில் இறங்கி வருவது? விட்டுக்கொடுக்கிற வழக்கம் அந்த வம்சத்திலேயே கிடையாது.

"சர்வீஸுக்குக் கூப்பிட்டிருந்தீங்க" என்றார் அண்ணன்காரர்.

"ஆமா சார். உள்ள வாங்க சார்."

மனைவியிடம் மட்டும் அவரால் அந்த நாடகத்தை ஆட முடியவில்லை. "நல்லா இருக்கியாம்மா? பேசாத பேசாத, தொண்டையை வெச்சுக்கோ" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கரடிகளைப் பார்த்தார். "இது என்ன சார், சர்க்கஸா?" என்றார். அவற்றை ஒவ்வொன்றாகத் துரத்திவிட்டுப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் சொருகினார்.

அதில் ஒரே ஒரு ஃபோல்டர் இருந்தது. அதன் பெயரைத் தம்பிக்காரன் அவர் தோளுக்கு மேலாகப் படித்தான். "தம்பி தொலைக்கப்போறது."

"அது வேற ஒரு கஸ்டமரோடது சார்" என்றார் அண்ணன்காரர், திரும்பிப் பார்க்காமல்.

திறந்தார். உள்ளே மாமனார், சித்தி, மச்சினன் என்று வரிசையாக ஃபோல்டர்கள். இவன் வீட்டில் இருக்கிற அத்தனை கருவிக்கும், இவன் வைத்த அதே பெயரில். கடைசியில் ஒன்றுக்கு மட்டும் "நான்" என்று பெயர்.  இவனுடைய முறை அவருக்குப் பழைய நாளிலேயே தெரியும், அது சரி. ஆனால் மச்சினன் வைஃபை குச்சி கொடுத்தது போன வருடம்தான். அப்போது பேச்சு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. அவன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் அவசர அவசரமாகக் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கணவன்மார் இருவரும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவளும் அண்ணியும், ஓரகத்திகள் இருவரும், ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த வீட்டுக்கு எது வந்தாலும் அந்த வீட்டில் அதன் டிரைவர் தேடி எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது.

அண்ணன்காரர் "நான்" என்பதைத் திறந்து ஓட்டினார். கம்ப்யூட்டர் ஒரு முறை அணைந்து எழுந்தது. பெட்டியின் விளக்கு சிவப்பாகவே நின்றது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். விளக்கு ஒரு முறை சிமிட்டியது. பச்சை.

மனைவி டம்ளரில் தாளமே போட்டுவிட்டாள்.

"ஆட்டம் போட நேரமில்ல" என்றார் அண்ணன்காரர். "குரல் அளவு வெக்கணும். அவ பேசக் கூடாது. நீங்க உள்ள போய் மைக்ல பேசுங்க சார்."

தம்பிக்காரன் துணி அலமாரிக்குள் புகுந்து, முக்காலியில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே கும்மிருட்டு. போர்வைகள் காதை அடைத்தன. வெளியே அண்ணன்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மனைவி குனிந்து ஒரு பக்கத்தில் தன் காதையும் ஒட்டிக்கொண்டாள்.

"ஹலோ. ஹலோ. ஒண்ணு, ரெண்டு."

"இன்னும்" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"மூணு, நாலு." அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல், கடையில் கண் பார்க்கும் பலகையில் இருக்கிற எழுத்துகளை மேலிருந்து கீழே ஒப்பித்தான். "ட. ப. ம. க. ர. ல."

"அவ கதை படிக்கப்போறாளா, கண் டெஸ்ட் பண்ணப்போறாளா? மனுஷங்க பேசற மாதிரி பேசுங்க சார்!"

 இருட்டில் மைக் இருக்கும் இடம்கூடத் தெரியவில்லை. யார் முகமும் தெரியவில்லை. கண்ணுக்குள் அந்த ஃபோல்டரின் பெயர் மட்டும் நின்றது.

"அண்ணா" என்றான்.

முகத்தில் உரசிய போர்வையைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டான்.

"அன்னிக்கு நீ சொன்னதுல எனக்குக் கோவம் இல்லண்ணா. எல்லாரும் சிரிச்சாங்களே, அதுலயும் இல்ல. சொல்லிட்டு நீ என்னைத் திரும்பிப் பாக்கவே இல்ல. தண்ணியை எடுத்துக் குடிச்சே. ஒரு தடவை பாத்திருந்தா நானும் சிரிச்சிருப்பேன். வீட்டுக்கு வந்து உன் ஃபோல்டரை அழிச்சேன். அழிச்ச உடனே திருப்பி எடுக்கப் பாத்தேன், வரல. அப்புறம் என்னன்னு சொல்லி உனக்குப் போன் பண்றது? ஏதாவது கெட்டுப்போனா பண்ணலாம்னு இருந்தேன். தினம் வந்து பாப்பேன். ரெண்டு வருஷமா ஒரு சனியனும் கெட்டுப்போகலண்ணா. எல்லாம் நல்லா ஓடிக்கிட்டே இருந்துச்சு."

மூச்சு வாங்கினான்.  "அளவு சரியா இருக்கா சார்?"

"கம்மியா இருக்கு" என்றது வெளியிலிருந்து ஒரு குரல். அது அண்ணன்காரர் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது, அவ்வளவு கரகரத்திருந்தது. "இன்னொரு தடவை சொல்லு."

தம்பிக்காரன் இன்னொரு தடவை சொன்னான். இந்தத் தரம் சத்தமாகவே சொன்னான், தண்ணீர் குடித்ததில் ஆரம்பித்துச் சனியன் வரைக்கும். சொல்லி முடிப்பதற்குள் அலமாரிக் கதவு திறந்தது. வெளிச்சத்தில் அண்ணன்காரர் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். தாடி நனைந்திருந்தது.

"கேக்குதுடா" என்றார். "நல்லாக் கேக்குது. வெளிய வா, உள்ளயே மூச்சு முட்டிச் சாகப்போறே."

அவன் வெளியே வந்தான். அண்ணன்காரர் அவன் பிடரியில் ஒன்று போட்டார். இரண்டாவது போடுவதற்குள் கரண்டி படபடவென்று அடித்தது. நாலு மணி ஆகப்போகிறது! மனைவி இருவரையும் இரண்டு பக்கமும் தள்ளிவிட்டு அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரையில் அழைப்பு வந்தது. நிறுவனத்தின் ஆட்கள் வணக்கம் சொன்னார்கள். அவள் வாசிக்க ஆரம்பித்தாள். நேற்று சாயங்காலத்திலிருந்து சேர்த்து வைத்த குரல், புத்தம் புதுசாக வந்தது. கதையில் ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது, கரையில் நின்றவர்கள் சின்னச் சின்னதாகப் போனார்கள். அண்ணனும் தம்பியும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதாகக் கேட்டார்கள். மூச்சு விடக்கூடப் பயம். டிக் டிக் சத்தம் ஒன்றுகூட இல்லை. தம்பிக்காரனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அப்போது பார்த்து அண்ணன்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். மத்தியானம் வந்த அழைப்பு அதில் அப்படியே இருந்தது. பெரிய எழுத்தில் "தம்பி" என்று. அவர் வாயை மட்டும் அசைத்து, "வணக்கம் சார்" என்றார்.

தம்பிக்காரனுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை. கைக்குட்டையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டான். அந்தக் கைக்குட்டையைப் பார்த்ததும் அண்ணன்காரருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. அவர் தாடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பக்கவாட்டில் சரிந்தார். கப்பல் நடுக்கடலில் புயலில் மாட்டி அல்லாடியது. இங்கே இரண்டு பெரிய மனிதர்கள் தரையில் சத்தமில்லாமல் உருண்டார்கள்.

வாசிப்பு முடிந்தது. நிறுவனத்தின் அம்மா ஒருவர், "அடுத்த வாரமே ஆரம்பிச்சிடலாங்க, முழு நாவலும் உங்களுக்குத்தான்" என்றார். அழைப்பு அணைந்தது. அலமாரிக் கதவு திறந்தது. மனைவி வெளியே வந்து நின்று இருவரையும் பார்த்தாள். அவள் முகம் பூரித்துக் கிடந்தது. பிறகுதான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இனிமேல் தொண்டையைப் பாதுகாக்கத் தேவையில்லை.

"ஏங்க! உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?" என்று ஆரம்பித்தாள். "இன்னிக்குன்னு பாத்தா ஃபார்மட் பண்ணுவீங்க? கரடி! என் கம்ப்யூட்டர்ல கரடி! நான் ஒரு வார்த்தை பேச முடியாம எப்படித் தவிச்சேன் தெரியுமா? பெரியத்தான், நீங்க மட்டும் என்ன ஒழுங்கா? சாராம் சார்! பொறந்ததுலேருந்து பாத்த தம்பிகிட்ட அட்ரஸ் கேக்கறீங்க! ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா நானும் அக்காவும் திருட்டுத்தனமா உங்களுக்கு டிரைவர் பேரு கடத்திக்கிட்டுக் கிடந்தோம்!"

அண்ணனும் தம்பியும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்று வாங்கிக்கொண்டார்கள். தொண்டை அருமையாக இருந்தது. நடுவில் தம்பிக்காரன், "அண்ணா, அளவு எப்படி?" என்று கேட்டான். "ரொம்ப அதிகம்டா" என்றார் அவர். அதற்கும் தனியாக ஒரு சுற்று திட்டு விழுந்தது.

கிளம்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அண்ணன்காரர் பென் டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அதை இங்கயே வெச்சிட்டுப் போயேண்ணா" என்றான் தம்பிக்காரன்.

"எதுக்கு? நீ தொலைக்கவா? என்கிட்டயே இருக்கட்டும். வேணும்னா போன் பண்ணு."

மறுநாள் காலையில் தம்பிக்காரன் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தான். எல்லாம் நன்றாக ஓடியது. திரை சரி, இணையம் சரி, பிரிண்டர் சரி, பெட்டியில் பச்சை விளக்கு. ஒரு கோளாறும் இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு பின்கட்டுக்குப் போய், கைக்குட்டையை நாலாக மடித்து வாயில் வைத்துக்கொண்டு, தன்னுடைய போனிலிருந்தே நம்பரை அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"சவுண்ட் சர்வீஸ். சொல்லுங்க சார்."

"வணக்கம் சார். என்கிட்ட ஒரு சவுண்ட் பாக்ஸ் இருக்கு. நீலக் கலரு."

"அப்படியா சார். யாரு குடுத்தது?"

தம்பிக்காரன் கைக்குட்டையை எடுத்துவிட்டான்.

"எங்கண்ணன் குடுத்தது" என்றான்.